பட்டுக்கு ஆகாத கை

8 ஜனவரி 2025, புதன்

இன்று மூன்று இழை அறுத்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் வேறு யாரிடம் சொல்ல?

தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், நெய்து முடிகிற நேரத்தில், அதன் நுனிகளோடு புதுப் பாவின் நுனிகளை ஒவ்வொன்றாகத் திரித்து இணைக்க வேண்டும். பிணைப்பு என்போம். ஒரு சேலைத் தறிக்கு நாலாயிரத்துச் சொச்சம் இழை. பதினெட்டு வருஷமாக ஆரணியில் வீடு வீடாகப் போய் இதைத்தான் செய்கிறேன். என் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நம்பித்தான் இந்தக் குடும்பத்தில் பாதி ஓடுகிறது. இப்போது அந்த இரண்டு விரலும் பாளம் பாளமாக வெடித்திருக்கின்றன. வெடிப்பின் ஓரத்தில் பட்டு மாட்டுகிறது, இழுத்தால் அறுகிறது.

முதலாளி தனசேகரன் பார்த்துவிட்டார். "சசி, உன் கை முன்ன மாதிரி இல்லம்மா. மாசி கடைசில கல்யாண ஆர்டரு, பதினோரு பாவு வருது. அதுக்குள்ள சரியாச்சுன்னா நீ பண்ணு. இல்லன்னா முள்ளிப்பட்டுலருந்து ஆள் வெச்சிக்கிறேன்."

கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்.

11 ஜனவரி, சனி

என் ஓரகத்தி பாஞ்சாலை அக்காதான் பிணைப்பில் என் ஜோடி. "ராத்திரி தேங்காண்ணெ தேச்சிகினு படு, காலைல சோடா சோப்பு போட்டு அலசிடு" என்றாள். அதைத்தானே மூன்று மாதமாகச் செய்கிறேன்! எண்ணெய்க் கை ஒரு இழையில் பட்டாலும் சேலையில் கறை தெரியும். அதனால் 'கிறீச்' என்று சத்தம் வரும்வரை கழுவுவேன். அப்புறம் இழை வழுக்காமல் இருக்க விரலில் சாம்பல். சாயப்பட்டறையில் பட்டு நூலைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்துப் பசையை எடுக்கிறார்கள், எடுத்த பிறகுதான் அது மினுமினுக்கிறது. கைக்கும் அதே நியாயம்தான் என்று இருந்துவிட்டேன்.

என் மகள் காவ்யா கல்லூரிக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து, போனில் பார்த்துவிட்டு வந்து இதே பாடம்தான். "ஸ்கின் டைப் தெரியாம எதையும் போடாதம்மா." இன்று என்னை முகம் கழுவவைத்து, ஒன்றும் தடவாமல் ஒரு மணி நேரம் உட்காரவைத்தாள். அப்புறம் மெல்லிய காகிதத்தை ஒற்றிப் பார்த்தாள். நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் பதிந்தது. கன்னத்தில் ஒன்றும் இல்லை. விரலில் வைத்தாள், காகிதம் கிழிந்தது.

இருவரும் சிரித்துவிட்டோம். ஆனால் ஒரே உடம்பில் மூன்று விதத் தோலா? முப்பத்தெட்டு வயது வரைக்கும் இது தெரியாமலே குடியிருந்திருக்கிறேன்.

14 ஜனவரி

பொங்கல். கரும்பைப் பிடிக்க முடியவில்லை, காவ்யா உரித்துத் தந்தாள்.

20 ஜனவரி, திங்கள்

தோல் டாக்டர் தேவிப்ரியா. என்னைவிடப் பத்து வயது சின்னவர் இருப்பார். விரல் மேல் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்தார், பக்கத்துத் திரையில் அது பெரிதாகத் தெரிந்தது.

அம்மாடி. அது என் விரலா? வரிவரியாக, ஒன்றையொன்று ஒட்டி வளைந்து போகும் வரப்புகள். ஒரு வரப்புகூட இன்னொன்றின் மேல் ஏறவில்லை. எந்தத் தறி அச்சில் இழை கோத்தால் இத்தனை ஒழுங்கு வரும்? நடுவில் வெடிப்பு மட்டும் ஏரி காய்ந்த மாதிரி கிடந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். டாக்டரும் அவசரப்படுத்தவில்லை.

"கைய எதால கழுவுறீங்க?"

சோடா சோப்பு, சத்தம் வரும்வரை, சாம்பல் - எல்லாம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். பட்டுக்குப் பசை எடுப்பதையும் சொன்னேன்.

"பட்டுல எடுத்த பசை திரும்ப வருமாம்மா?"

"எப்படிங்க வரும்?"

"தோல்ல வரும். அதுவே ஊற வெச்சிக்கும். நீங்கதான் தினம் எடுத்துக்கினே இருக்கீங்க. விட்டீங்கன்னா ஒரு மாசம், ஒன்றரை மாசத்துல மேல்தோலே புதுசாயிடும்."

புதுசாயிடும் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு ஆட்டோக்காரர் திட்டினார்.

21 ஜனவரி

இன்றிலிருந்து வழக்கம் இது. காரம் இல்லாத கழுவும் திரவம், வெதுவெதுப்பான தண்ணீர். தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும், ஈரம் காய்வதற்குள் கிரீம். பாத்திரம் தேய்க்கக் கையுறை. படுக்கும்போது வாசலின் தடவிப் பருத்திக் கையுறை. பாஞ்சாலை அக்கா பார்த்துவிட்டு, "இன்னாடி, கைக்குக் கல்யாணமா?" என்றாள்.

எல்லாம் சரி. கிரீம் போட்ட கையால் பட்டைத் தொடுவது எப்படி? டாக்டருக்கு அது தெரியாது. என் பாடு.

24 ஜனவரி, வெள்ளி

தறியில் கழித்துப்போட்ட வெள்ளை நூல் கொஞ்சம் எடுத்து வந்தேன். கிரீம் போட்டு அரை மணி நேரம் கழித்து விரலால் ஒருமுறை உருவி, வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கறை. ஒரு மணியில் லேசாக. ஒன்றரை மணியில் ஒன்றும் இல்லை. அவ்வளவு கிரீமையும் விரல் குடித்துவிட்டது! வாசலின் மட்டும் மூன்று மணி ஆனாலும் போகவில்லை, அதை விடியற்காலையிலேயே கழுவிவிட வேண்டும்.

ஆறு மணிக்குக் கழுவி, உடனே கிரீம். ஒன்பது மணிக்கு வேலை. கணக்குச் சரியாக வருகிறது.

30 ஜனவரி, வியாழன்

புத்தி வேணும் எனக்கு. பத்து நாளாச்சே, இன்னும் மாட்டுதே, மாசி வந்துகினே இருக்குதே-ன்னு காவ்யாவோட முகத்துக்குப் போடற சீரத்த எடுத்து வெடிப்புல விட்டேன். ஐயோ, அந்த எரிச்சல். பச்ச மொளகாயக் கீறி வெச்ச மாதிரி. விரல் செவந்து வீங்கிப்போச்சு. காவ்யா கத்தினா, "அது ஆசிட்மா, எண்ணெத் தோலுக்கு! உன்னுது வேற டைப்புன்னு எத்தினி தடவ சொன்னேன்!" முகமும் கையும் ஒண்ணுன்னு நெனச்ச எனக்கு நல்லா வேணும். நாலு நாள் வேலைக்குப் போக முடியாது. யார நொந்து என்ன?

2 பிப்ரவரி, ஞாயிறு

டாக்டரிடம் போனில் கேட்டேன். புதிதாக எதைப் போட்டாலும் ஒன்றே ஒன்று, அதையும் முதலில் முழங்கையின் உள்பக்கம் நாலைந்து நாள் போட்டுப் பார்த்த பிறகே விரலுக்கு என்றார். சாயம் போடுகிறவர்கள்கூட ஒரு சிட்டம் நூலை முக்கிப் பார்த்துத்தான் மொத்தத்தையும் முக்குவார்கள். இது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது?

12 பிப்ரவரி, புதன்

சாம்பலுக்குப் பதில் கிடைத்தது. பவுடர் வழுக்கியது, விபூதி மறுபடியும் காயவைத்தது. கடைசியில் மூன்று முறை சலித்த அரிசி மாவு. இழை நிற்கிறது, விரல் எரியவில்லை. பழைய பாவின் துண்டில் இருநூறு இழை பிணைத்துப் பார்த்தேன். ஒன்றுதான் அறுந்தது.

19 பிப்ரவரி

பாஞ்சாலை அக்கா என் வாசலினை எடுத்துப்போய் முகத்துக்கு நாலு நாள் பூசியிருக்கிறாள். நெற்றி முழுக்கக் கட்டி. "உனக்கு ஆவுது, எனக்கு இன்னாத்துக்குடி ஆவல?" என்று என்னையே பிடித்துக்கொண்டாள். காவ்யா அவளை உட்காரவைத்துக் காகிதம் ஒற்றினாள். சமோசா சுற்றின காகிதம் மாதிரி ஆகிவிட்டது. ஒரே வீட்டுச் சோறு, ஒரே தண்ணீர், ஒரே வேலை. தோல் மட்டும் அவரவருக்குத் தனி. இதை நினைத்து நினைத்து எனக்கு வியப்பு அடங்கவில்லை.

1 மார்ச், சனி

வெடிப்பு மூடிவிட்டது. மூடிய இடத்தில் வரி வந்திருக்கிறது! ரேகை அறுந்த இடத்தில் இந்தப் பக்கத்து வரியும் அந்தப் பக்கத்து வரியும் தேடி வந்து சரியாகச் சேர்ந்திருக்கின்றன. எனக்குத் தெரியாமல், நான் தூங்கும்போது, உள்ளே யாரோ உட்கார்ந்து பிணைத்திருக்கிறார்கள். நாலாயிரம் இழை பிணைக்கிறேன் என்று எனக்கு எவ்வளவு கர்வம்.

கண்ணை மூடிக்கொண்டு விரலை நூலில் வைத்தேன். ஒவ்வொரு இழையும் தனியாகத் தெரிகிறது. எத்தனை வருஷமாக இது தெரியாமலே வேலை செய்தேனோ. அழுகை வந்தது. அழுதேன், அதற்கென்ன.

11 மார்ச், செவ்வாய்

கல்யாண ஆர்டரின் முதல் பாவு. அரக்கு நிறம். நாலாயிரத்து எண்ணூறு இழை. நேற்றுக் காலை ஒன்பதுக்கு ஆரம்பித்து இன்று மூன்று மணிக்கு முடித்தோம். ஒன்றுகூட அறுக்கவில்லை. பாதியில் ஒரு இழை மற்றதைவிட மெலிசாக விரலில் பட்டது. தனியாக எடுத்து வைத்தேன். தனசேகரன் லென்ஸ் வைத்துப் பார்த்தார். வேறு நூல் கலந்திருந்தது.

"மிச்சம் பத்தும் நீயே பண்ணிடும்மா" என்றார். இரண்டு மாதமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். ஆனால் அவர் போகவில்லை, நின்றுகொண்டே இருந்தார். பாஞ்சாலை அக்கா டீ வாங்கப் போன பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அந்த டாக்டரு எல்லாக் கையும் பாப்பாங்களா?"

துண்டுக்குள் இருந்த வலது கையை எடுத்து என் முன்னால் விரித்தார். பதினெட்டு வருஷத்தில் அவர் உள்ளங்கையை நான் பார்த்ததே இல்லை. அவர் பட்டைத் தொட்டும் நாங்கள் பார்த்ததில்லை, எதையும் ஸ்கேலால்தான் காட்டுவார். முதலாளி தோரணை என்றே நாங்கள் பேசிக்கொள்வோம். கை முழுக்க வேர்வை. ஃபேன் ஓடுகிறது, ஆனாலும் வரிக்கு வரி முத்து முத்தாக எழும்பி, சேர்ந்து, மணிக்கட்டுக்கு வழிந்தது.

"சின்ன வயசுலருந்து இப்படித்தான். தறில உக்காந்தா சேலையெல்லாம் கறை. அதான் தறிய விட்டே எழுந்துட்டேன். எங்கப்பாகிட்ட காரணத்தச் சொல்லல, வெக்கம். சாவற வரைக்கும் என்னைச் சோம்பேறின்னே நெனச்சிகினு இருந்தாரு."

என் கையைப் பார்த்து ஆகாது என்று சொன்ன மனிதர். அவர் மேல் எனக்கு இருந்த கசப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"இது இன்னா டைப்பும்மா?" என்றார்.

"எனக்குத் தெரியலைங்க. அவங்க கண்ணாடி வெச்சிப் பாத்து சொல்லுவாங்க."

அவர் துண்டால் துடைத்தார். துடைத்த இடத்தில் மறுபடி ஊறியது. மறுபடி துடைத்தார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் பெயரில் டோக்கன் போட்டிருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை.