இந்த வருஷத்து பிரேக்

மே 29, வியாழன்

அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டதாம். வெயிலிடம் யாராவது சொன்னால் தேவலை. கேஸ் புக் பண்ண வேண்டும். மாவு அரைக்க வேண்டும். விடைத்தாள் திருத்தும் வேலை ஒருவழியாக முடிந்தது. கட்டை விரல் வீக்கம்.

மத்தியானம் ஷபானா போன். டிபார்ட்மென்டில் பக்கத்து அறையில் இருந்துகொண்டு போன்! அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"கோமதி, ஹெச்.ஓ.டி. என்னைச் சொல்லச் சொன்னாருடி. திங்களும் செவ்வாயும் கெஸ்ட் லெக்சரர் யாரும் டிபார்ட்மென்ட் பக்கம் வரக்கூடாதாம். பிரேக்."

"சரிங்க மேடம்" என்றேன்.

"செருப்பு பிஞ்சிடும்" என்றாள். இருவரும் சிரித்தோம்.

போன ஜூன் வரை இந்தச் செய்தி எங்கள் இருவருக்கும் சேர்ந்துதான் வரும். ஜனவரியில் அவள் நிரந்தரமாகிவிட்டாள். இன்டர்வியூவுக்கு ஒரே ஆட்டோவில்தான் போனோம். ஒரே கைடு, ஒரே வருஷம் பிஎச்.டி. எனக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவும் இல்லை. சம்பள வித்தியாசத்தை யோசித்தால் தூக்கம் போகும். யோசிக்கவில்லை.

மே 31, சனி

காலையில் பவர் கட். இவர் பட்டினப்பாக்கம் போய் மீன் வாங்கி வந்தார். நான் சொன்னது வஞ்சிரம், வந்தது சங்கரா.

நிரந்தர ஆட்கள் வந்துவிட்டதால் கெஸ்ட் இடங்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. வருஷா வருஷம் கிளம்பும் புரளிதான்.

பிரேக் எதற்கு என்று புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள். இடைவெளி இல்லாமல் வேலை பார்த்தோம் என்று ஆகிவிட்டால் நிரந்தரம் கேட்டுவிடுவோமாம். அதனால் வருஷத்துக்கு இரண்டு நாள் எங்களை வெளியே அனுப்பிவிட்டு, மறுபடி ஆர்டர் கொடுத்து எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பெண் வாயைப் பிளந்தாள். பழகிடும்மா என்றேன்.

எங்கள் முதல் பிரேக் ஞாபகம் வந்தது. எங்கே போவதென்று தெரியாமல் ஷ.வும் நானும் பஸ் ஏறி மயிலாப்பூர் லஸ்ஸில் இறங்கினோம். ஒரு டிபன் கடை, ரவா தோசை. ஷ. தோசையைப் பார்த்து அழுதாள். வேலை நிஜமாகவே போய்விட்டது என்று நினைத்துவிட்டாள், அசடு. சர்வர் பயந்துபோய்க் கேட்காமலே காபி கொண்டுவந்து வைத்தார்.

அதற்கப்புறம் வருஷா வருஷம் அதே கடை. சாப்பிட்டு முடித்துத் தெப்பக்குளம் ஒரு சுற்று. மாட வீதியில் வளையல். பாண்டி பஜாரில் எதுவும் வாங்காமல் ஒரு நடை. அவள் தன் நிக்காஹ் நிச்சயமானதைச் சொன்னது அந்தக் கடையில். நான் நிறைமாத வயிற்றோடு இரண்டு பிளேட் கேசரி தின்றதும் அங்கேதான். எங்களுக்குப் பேறுகால விடுப்பு கிடையாது. "பிரேக்கோட சேர்த்துப் பெத்துக்கோ" என்றாள் ஷ. கிட்டத்தட்ட அப்படித்தான் ஆயிற்று.

எவ்வளவு நல்ல நாட்கள்! வேலையை விட்டு அனுப்பிய நாட்களுக்குப் போய் இப்படி ஏங்குகிறேன். யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

ஜூன் 2, திங்கள்

புழுக்கம். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

"லீவு நாள்ல எங்க கிளம்பிட்டே?" என்றார் இவர்.

"லீவு இல்ல, பிரேக்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"லீவுக்குச் சம்பளம் உண்டு."

பேப்பரை விரித்துக்கொண்டார்.

அதே கடை. சர்வருக்கு இப்போது முழுக்க நரை. "இன்னா மேடம், தனியா வந்துகீறீங்க? ஜோடி எங்க?"

"அவங்களுக்கு வேலை பர்மனென்ட் ஆயிடுச்சு."

"அப்ப இனிமே வர மாட்டாங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் வாசலில் ஷ. வியர்த்து வழிய நின்றாள். "இன்னாடி, எனக்கும் சேர்த்து தோசை சொல்லிட்டியா?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்காக லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பாதி தோசையில் அவள் போன் அடித்தது. ஹெச்.ஓ.டி. குரல் எனக்கே கேட்டது.

"மேடம், அட்மிஷன் டேபிள்ல உங்களைப் போட்டிருக்கு. எங்க இருக்கீங்க?"

"சார், இன்னைக்கு பிரேக் ஆச்சே சார்."

"உங்களுக்கு ஏதும்மா பிரேக்?"

ஷ. முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். லீவும் இல்லை ஒன்றும் இல்லை. மறந்தே போயிருக்கிறாள்! எங்களுக்கெல்லாம் போன் பண்ணி பிரேக் என்று சொன்னவளே அவள்தான். அப்படியும் காலையில் எழுந்து நேராக இங்கே வந்திருக்கிறாள்.

"யா அல்லா, நான் பர்மனென்ட்டுடி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கையை அரைகுறையாகக் கழுவிவிட்டு ஆட்டோ பிடித்து ஓடினாள்.

அவள் மிச்சம் வைத்ததையும் நானே சாப்பிட்டேன். குளத்தைத் தனியாகச் சுற்றினேன். வளையல் வாங்கவில்லை.

ஜூன் 4, புதன்

ஆர்டர் வரவேண்டிய நாள். புதுப் பெண்ணுக்கு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. "மேலேர்ந்து வரல மேடம், வந்தா போன் பண்றோம்" என்றார்கள் ஆபீஸில். நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை. வரும் வழியில் வெங்காயம், சோப்பு. கேஸ் இன்னும் வரவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

சாயங்காலம் நல்ல மழை. நனைந்துகொண்டே ஷ. வந்தாள். டீ வேண்டாம் என்றாள். அவள் டீ வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

என் இடத்தை எடுத்துவிட்டார்கள். இனி நிரந்தர ஆசிரியர்களே வகுப்புகளைப் பிரித்துக்கொள்வார்களாம். என்னுடைய கடல் வணிக வரலாறு அவளுக்கு. அந்தப் பாடத்திட்டமே நான் எழுதியது. இத்தனை வருஷம் வேறு யாரும் நடத்தியதில்லை.

"வேணாம்னு சொன்னேன் கோமதி. அப்ப அந்தப் பேப்பரையே தூக்கிடுறோம்னாரு."

"உன்னைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்குடி" என்றேன். ஜனவரியிலிருந்து வாய்க்குள் இருந்தது, இன்று வந்துவிட்டது.

"எனக்குத் தெரியாதா?" என்றாள். இருவரும் அழுதோம். இவர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்புறம் தரையில் உட்கார்ந்து பாடம் பாடமாகச் சொன்னேன். முதல் வகுப்பில் ஆண்டு, ராஜா எதுவும் வேண்டாம். ஆளுக்கு நாலு மிளகு கொடு. கடிக்கச் சொல். கண்ணில் தண்ணீர் வந்ததும், இதுக்காகத்தான் அவ்வளவு தூரம் கப்பல் விட்டாங்க என்று ஆரம்பி. காசிமேட்டுப் பெண் ஒருத்தி தூங்குவாள், திட்டாதே, விடியற்காலையில் அம்மாவோடு மீன் ஏலத்துக்குப் போய்விட்டு வருகிறாள். ஷ. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். கடைசியில் டீ குடித்தாள்.

ஜூன் 18, புதன்

தலைவலி. கே.கே. நகர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் சொல்லி வைத்திருக்கிறேன். பார்க்கலாம் என்றார்கள்.

இன்று ஷ.வுக்கு முதல் வகுப்பு. துணி துவைத்தேன். திரைச்சீலையைக்கூடக் கழற்றித் துவைத்தேன். மிக்ஸி மூடியைத் தேய்த்தேன்.

மத்தியானம் ஷ. போன். எப்படிப் போச்சு என்று நான்தான் கேட்டேன்.

"நல்லா போச்சுடி" என்றாள்.

நன்றாகப் போகக்கூடாது என்றுதான் காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தேன்.