எடுத்ததா, கெடுத்ததா?

ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டில் கால் தரிக்காத என் மச்சான் நடேசனுக்கு,

உன் அத்தான் எழுதுகிறேன். ஆமாம், நானேதான். யாரையும் கெஞ்சி எழுதி வாங்கவில்லை. இந்த நாலு வரிக்கு ஒரு சாயங்காலம் ஆகிவிட்டது. ஆனாலும் பார், எழுதிவிட்டேன்!

நீ போன பிறகு காலனி பஜனை மடத்தில் தமிழ்ச் சங்கத்தார் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். நான்தான் அங்கே ரொம்ப வயசானவன். முப்பது வருஷம் ரயில்வே பட்டறையில் சம்மட்டி பிடித்த கை அல்லவா, முதல் வாரத்தில் ஏழு சிலேட்டுக் குச்சி ஒடிந்தது. எழுத்து பிடிபட்டதும் சந்தோஷத்தில் சிக்கந்தராபாத் கடைத்தெரு முழுக்கச் சுற்றினேன். பலகைக்குப் பலகை உருது, தெலுங்கு, இங்கிலீஷ். இந்த ஊரில் எனக்குப் படிக்கக் கிடைத்தது உன் நோட்டுப் புத்தகம் ஒன்றுதான்.

அதற்காகத்தானே படித்தேன். நம் வீட்டுப் பையனிடம் அதைக் காட்டினால், "நக்கோ நைனா, அந்த எழுத்து எனக்கு ராது" என்று ஓடிவிடுகிறான். வேண்டாம், தமிழ் வராது என்கிறான். வெளியாரிடம் கொடுக்க உன் அக்கா விடவில்லை.

நீ கேமராவில் எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறாய். ரயில் பெட்டிக்கு நம்பர் எழுதுகிற கை, எழுத்தெல்லாம் அச்சு மாதிரி இருக்கிறது. கேமராவுக்குள் கழுவாமல் கிடந்த கடைசி ஃபிலிமுக்கு உண்டான பக்கத்தை விரல் வைத்து வைத்துப் படித்தேன். "ஒன்று, மெட்டுகுடா தண்ணீர்க் குழாய். நான்கு, உசேன் சாகர் கரை, எருமை கெடுத்தது. ஆறு, பட்டறைக்குப் பின்னால் வேப்பமரம், புகை கெடுத்தது." எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த எருமை எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ அதனிடம் கையெடுத்துக் கும்பிட்டாயே, கொஞ்சம் நகரும்மா என்று!

பிறகு எட்டுக்கு வந்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"எட்டு, மௌலாலிப் பாறை. அத்தான்" என்று எழுதியிருக்கிறாய். அடுத்த வார்த்தையின் தலையில் ஒரு சொட்டு மை. அதற்குப் பின்னால் "டுத்தது" என்பது தெளிவாக இருக்கிறது. முன்னால் ஒரு சுழி மட்டும் தெரிகிறது. அது "எ"னாவின் சுழியா, "கெ"னாவின் கொம்பா? அத்தான் எடுத்ததா, அத்தான் கெடுத்ததா?

அக்காவுக்குத் தெரியாமல் வாத்தியாரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரெண்டும் ஆகலாம் பெரியவரே. நீங்க என்ன பண்ணீங்க?" என்றார்.

என்ன பண்ணினேன், மச்சான்? உனக்குத் தெரியுமே. எத்தனையோ குழாயையும் மரத்தையும் பாறையையும் படம் எடுத்தவன், அன்றைக்குத்தான் முதல் தடவையாக, "ஒண்ணு நீங்க எடுங்க அத்தான்" என்று என் கையில் கேமராப் பெட்டியைக் கொடுத்தாய். "வயித்தோட அணைச்சுப் பிடிங்க. மூச்சை அடக்குங்க" என்றாய். நானும் அடக்கினேன். பாறை மேல் ஏறி நின்றுகொண்டு, "ஐயோ, சம்மட்டி அடிக்கப் போற மாதிரி நிக்கிறீங்களே!" என்றாய். எனக்குச் சிரிப்பில் வயிறு குலுங்கிவிட்டது. குலுங்கும்போதுதான் விரல் அழுத்தியதா, அதற்கு முன்னாலா?

அதற்கு இரண்டாவது வாரம் நீ காய்ச்சலில் படுத்தாய். எழுந்திருக்கவில்லை. வீட்டில் உன் படம் என்று வேறு ஒன்றுகூட இல்லை. எப்போதும் பெட்டிக்குப் பின்னால்தானே நின்றாய்?

எட்டில் நீ இருப்பதையும் என் சந்தேகத்தையும் அக்காவிடம் சொல்லாமல் ஒரு மாசம் மறைத்தேன். சொன்னதும் அவள், "கண்ணை மூடினா அவன் சட்டைதாங்க தெரியுது, மூஞ்சி தெர்ல. நீங்க குலுக்கினீங்களா இல்லியான்னு உங்களுக்கே தெர்லியா?" என்றாள்.

"தெரியலையே, பாக்கியம்."

"இன்னா மனுசன்!" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

போன சனிக்கிழமை கேமராவோடு ஸ்டுடியோவுக்குப் போனேன். அக்கா அதைத் துணியில் சுற்றிக் குழந்தை மாதிரி கையில் கொடுத்தாள். ஸ்டுடியோ சாயபு ஃபிலிமை எடுத்துப் பார்த்துவிட்டு, ரொம்ப நாள் கிடந்த சரக்கு, சொல்ல முடியாது என்றார். நான் நகராமல் நின்றேன். "ஆயா தோ ஆயா, நை தோ நை. கைக்கு டர்தே சாச்சா?" என்று சிரித்தார். வந்தால் வரும், வராவிட்டால் இல்லை, எதற்குப் பயம் என்கிறார். அவருக்கென்ன, அவர் சொல்லுவார்.

இந்த வாரம் முழுக்க எனக்கு இதே நினைப்புதான். எட்டில் ஏழு நன்றாக வந்து, ஒன்று மட்டும் வராவிட்டால்? எருமைக்கு முகம் இருந்து உனக்கு இல்லாவிட்டால்? அக்காவின் முன்னால் எப்படி நிற்பேன்? இந்தக் கடிதத்தைக்கூட அந்தப் பயத்தில்தான் ஆரம்பித்தேன். கை ஓடிக்கொண்டிருந்தால் மனசு கொஞ்சம் அடங்குகிறது.

மெதுவாக எழுதுகிறவனுக்கு ஒரு லாபம் உண்டு. கடிதம் முடிவதற்குள் படம் வந்துவிட்டது.

உறையை நான் பிரிக்கவில்லை. அக்காவிடம் நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொன்றாக வைக்கிற சத்தம் கேட்டது. குழாய், கரை, மரம். எட்டாவதை வைக்கிற சத்தம் வரவில்லை.

"இங்க பாருங்க" என்றாள்.

பாறை சாய்ந்திருக்கிறது. வானம் சாய்ந்திருக்கிறது. உன் கால் இரண்டும் படத்தில் இல்லை. எல்லாமே கொஞ்சம் கலங்கியிருக்கிறது, என் வயிறு குலுங்கியதற்கு அதுதான் சாட்சி. ஆனால் நீ வாயைத் திறந்து சிரிக்கிறாய். மேல் பல்லில் அந்த இடைவெளி தெரிகிறது.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள். "கால் எங்கன்னு கேக்க மாட்டேன். பல்லு வந்துடுச்சே" என்றாள். பிறகுதான் அழுதாள்.

உன் வழக்கப்படி படத்தின் பின்னால் எழுதச் சொன்னாள். மைப்பேனாவை எடுத்தேன். "நடேசன். மௌலாலிப் பாறை. அத்தான்" வரைக்கும் கோணாமல் வந்தது. அடுத்த எழுத்தை ஆரம்பிக்கும்போது நீ பாறை மேல் நின்று கத்தியது காதில் கேட்டது. சிரித்துவிட்டேன். சுழி போட்டதுமே ஒரு சொட்டு மை விழுந்தது. நோட்டில் இருக்கிற அதே இடம், அதே கறை.

எத்தனையோ பக்கத்தில் ஒரு கறை விடாத கை உன்னுடையது. அன்று ராத்திரி நீயும் சிரித்துக்கொண்டேதான் எழுதினாயா, மச்சான்?

வாத்தியார் இந்தக் கடிதத்தைச் சங்கத்துக் கையெழுத்துப் பத்திரிகையில் சேர்க்கப்போகிறாராம். படிக்கிறவர்கள் தப்பைப் பொறுத்துக்கொள்ளட்டும். உன்னிடம் மட்டும் ஒரு வார்த்தை கொடுக்கிறேன். புது ஃபிலிம் வாங்கிவிட்டேன். வருகிற ஞாயிறு அக்காவை அழைத்துக்கொண்டு உசேன் சாகர் கரைக்குப் போகிறேன். எட்டையும் நானே எடுப்பேன், எட்டுக்கும் நோட்டில் வரி எழுதுவேன். நான் கெடுத்ததை எருமை மேல் போடாமல் அத்தான் கெடுத்தது என்றே எழுதுவேன்.

இப்படிக்கு,
மூச்சை அடக்கத் தெரியாத உன் அத்தான்
முனுசாமி