இருபது லீற்றருக்கு ஒரு பிடி

மச்சான்,

பண்ணையில் பழைய குறிப்புப் புத்தகங்களை எல்லாம் அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். இனி எல்லாம் கணினியில்தானாம். இன்று காலை என் மேசை லாச்சியைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகத் தூசு தட்டி அடுக்கினேன். நான்காவது புத்தகத்தின் பின்மட்டை கடைசித் தாளோடு ஒட்டிக் கிடந்தது. நகத்தால் பிரித்தேன். தேசிக்காய் வாசம் வந்தது. சாறு காய்ந்து இத்தனை காலத்துக்குப் பிறகு வாசம் மிஞ்சியிருக்க நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் வந்தது. தாளின் மூலையில் மண்ணிறக் கறை, அதற்குள் என் கையெழுத்து.

முன்பக்கமிருந்து திறந்தால் அது இறால் குளங்களின் புத்தகம். குளம் ஒன்று, குளம் இரண்டு, காலை உப்பு, மாலை உப்பு. பின்பக்கமிருந்து திறந்தால் உன் வாளி. அந்த ஒரு புத்தகத்தை மட்டும் நான் ஒப்படைக்கவில்லை. தொலைந்துபோனதாகச் சொல்லிவிட்டேன்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. நீ இருந்தபோது உனக்கு எழுதியதெல்லாம் தொலைபேசியில் ‘வாறன்’, ‘வரமாட்டன்’ என்ற இரண்டு செய்திகள்தான். எனவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாட்டில் சண்டை முடிந்து, பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் ஓட வெள்ளைக்காரர் ஆலங்குடாவுக்கு வரத் தொடங்கிய காலத்தில் நீ வள்ளத்தை விட்டுக் கரையேறினாய். கடற்கரைக்குத் திரும்பும் முடக்கில் தகரக் கூரை, வருபவர்கள் இருக்க ஒரு வாங்கு, இருபது லீற்றர் வாளி. வெள்ளைக்காரருக்குத் தோடம்பழச் சாறு, சோடா ஊற்றி. வலை இழுத்துவிட்டு வருபவர்களுக்கும் முச்சக்கரவண்டிக்காரருக்கும் எனக்கும் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர். இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீரில் சீனியைக் கரைத்து ஆறவிடுவாய். காயைக் குறுக்கே வெட்டி விரல்களாலேயே பிழிவாய். நான் ஒருமுறை பொறுமையில்லாமல் பிழிந்த தோலை எடுத்து இன்னொரு தடவை நெரித்தபோது கையில் தட்டினாய்.

“ரெண்டாந்தரம் பிழிஞ்சா கசக்கும். உண்ட அவசரத்தை உண்ட குளத்துல வச்சுக்க.”

உப்பு கடைசியில். பக்கத்து உப்பளத்துக் கல்லுப்பில் ஒரு பிடி. பிறகு அகப்பையில் அள்ளி ருசி பார்ப்பாய். தேவையென்றால் இன்னும் கொஞ்சம் போடுவாய்.

எனக்கு இது பொறுக்கவில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் மூன்று வருடம் அளவு, தரம் என்று படித்துவிட்டு வந்தவன் நான். பிடி என்பது ஓர் அளவா? பண்ணைக்கு வந்திருந்த புது உப்புமானிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன். பேனா மாதிரி இருக்கும், நுனியைத் தண்ணீரில் விட்டால் லீற்றருக்கு எத்தனை கிராம் உப்பு என்று காட்டும். அதை வெளியே எடுத்ததும் நீ வாளியைக் கையால் மறைத்தாய்.

“இறால் குளத்துல விட்ட சாமானை எண்ட வாளிக்குள்ள விடப் போறியா?”

“இது புதுசு. இப்பதான் பெட்டி உடைச்சன்.”

“புதுசெண்டாப் போல? நாங்க என்ன இறாலா மச்சான்?”

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் நுனியைத் தண்ணீரில் விட்டேன். இரண்டு. மறுநாளும் இரண்டு. அதற்கு அடுத்த நாளும் இரண்டு. நான் மானியை உதறி உதறிப் பார்த்தேன். நீ எட்டிப் பார்த்துவிட்டு, “உண்ட மானி நல்லாத்தான் வேலை செய்யிது” என்று எனக்குச் சான்றிதழ் கொடுத்தாய்.

அந்த வருடம் நோன்பு மாதம் கொதிக்கிற வெயிலில் விழுந்தது. நோன்பு திறக்கப் பள்ளிவாசலுக்கு நாளும் இரண்டு வாளி கொடுப்பதாக நீ ஏற்றுக்கொண்டிருந்தாய். நோன்பு பிடித்த வாயால் ருசி பார்க்க மாட்டாய். துப்பிவிட்டால் குற்றமில்லை என்று யாரோ சொன்னபோதும், தேவையில்லாத வேலை என்றாய். நான் மாதா கோயிலுக்கு ஞாயிறு பூசைக்குப் போகிறவன், எனக்கு நோன்பில்லை. அகப்பையை என்னிடம் நீட்டினாய்.

“இந்த மாசம் நீதான் எண்ட நாக்கு.”

முப்பது நாளும் நாலு மணிக்கு வந்து நின்றேன். நீ ஒரு பிடி போட்டுக் கலக்கிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாய். நான் குடித்துவிட்டுச் சரி என்பேன், பிறகு மானியை விடுவேன். ஒரு நாள்கூட நீ இரண்டாவது தடவை உப்பில் கை வைக்கவில்லை. புத்தகத்தில் முப்பது வரி இருக்கிறது. ஏறக்குறைய எல்லாம் இரண்டு.

பெருநாள் கழிந்து மூன்றாம் மாதம் எண் ஏறத் தொடங்கியது. இரண்டரை. பிறகு மூன்று. கூடுகிறதே என்றேன். “வெயிலுக்குச் சனம் உப்புக் கேக்குது” என்றாய். அடுத்த மாதம் மூன்றரை. நீ முன்போல நின்று வேலை செய்யவில்லை, கதிரை ஒன்று கொண்டுவந்து போட்டிருந்தாய். செருப்பு வார் உன் காலில் அச்சாகப் பதிந்திருந்ததை நான் கண்டேன். கண்டுவிட்டு என்ன சொன்னேன்? “முதலாளி கொழுத்திட்டார், இனி இருந்துகொண்டுதான் யாவாரம்” என்றேன். நீயும் சிரித்தாய்.

எண் நாலரையைத் தொட்ட நாளில், முடக்கில் வண்டி விடும் தாடிக்கார நானா ஒரு மிடறு குடித்துவிட்டு மணலில் துப்பினார்.

“தேசிக்காய்த் தண்ணி கேட்டா கடல் தண்ணி தாறாய்?”

“உங்கட நாக்குச் செத்துப் போச்சு நானா” என்றாய் நீ.

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். புத்தகத்தை எடுத்து விரித்தேன். அத்தனை பேருக்கு முன்னால் மாதம் மாதமாக வாசித்தேன். “செத்தது அவற்ற நாக்கில்ல, உண்ட கவனம். வாளிக்குள்ள என்ன போடுறாயெண்டே பாக்கிறதில்ல. சனத்துக்கு இதைக் குடுக்க வெக்கமில்லையா?” என்றேன்.

நீ அகப்பையால் அள்ளி ஒருமுறை ருசி பார்த்தாய். இன்னொருமுறை பார்த்தாய். உன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். ஒன்றும் விளங்காதவன் முகம்தான் இருந்தது. பிறகு வாளியைத் தூக்கி வேலியோரம் கவிழ்த்தாய். “நாளைக்கு வந்து நீயே போடு” என்றாய். நான் போகவில்லை. அதற்குப் பிறகு நான் வேறு பாதையால் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நோன்பு மாதத்து முதல் நாள் உன்னிடமிருந்து செய்தி வந்தது. ‘நாக்கு வேணும். வா.’

வந்தேன். நீ மெலிந்திருந்தாய். நோன்புக் களைப்பு என்றாய், நம்பினேன். ஒரு பிடி போட்டாய், கலக்கினாய், அகப்பையை நீட்டினாய். அருமையாக இருந்தது. மானியை விட்டேன். இரண்டு. மறுநாளும் இரண்டு.

பின்மட்டையில் பட்ட சாறு ஊறி அந்தப் பக்கத்தின் மூலையும் இப்போது கறைபட்டுக் கிடக்கிறது. எண்ணுக்குக் கீழே நான் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: ‘கவனம் இருந்தால் சரியாகச் செய்கிறான்.’

மச்சான், பண்ணையில் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒன்றைத்தான். எண் பிழையாக வந்தால் குளத்தில் கை வைக்காதே, முதலில் மானியைச் சோதித்துப் பார். இங்கே ஒரு வருடத்து எண்கள் என் கையில் இருந்தன. நீ ருசி பார்க்காத மாதத்தில் உப்புச் சரி. ருசி பார்த்துப் போட்ட மாதங்களில் உப்புக் கூட. கை பிழைக்கவில்லை, நாக்குத்தான் மாறிப்போயிருக்கிறது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லியிருக்கும். நான் ‘கவனம்’ என்று எழுதிவைத்தேன்.

பெருநாள் கழிந்த இரண்டாம் வாரம் கடைக்குள் விழுந்தாய். பெரிய ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே உன் மனைவியும் நானும் நின்றோம். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார் வைத்தியர். சாப்பாட்டு ருசியில் ஏதும் மாற்றம் இருந்ததா என்று கேட்டார்.

“ஒரு வருசமா எந்தக் கறி வச்சாலும் உப்புக் காணாதெண்டுதான் சொல்லுவார்” என்றாள் உன் மனைவி. “எண்ட கைதான் பிழையாக்குமெண்டு நினைச்சன்.”

இந்தச் சிறுநீரக வருத்தத்தில் நாக்கு அப்படித்தான் மாறும், சிலருக்கு உப்பே தெரியாது என்றார் வைத்தியர். அவர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். என் பையில் புத்தகம் இருந்தது.

பிறகு கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரம். தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு கோப்பைக்கு மேல் கூடாது. உப்புக் கூடாது. இளநீர், தோடம்பழம், தேசிக்காய் எதுவுமே கூடாது. வெயிலில் வந்தவனுக்கெல்லாம் தாகம் தீர்த்த நீ, ஐஸ் துண்டை வாயில் வைத்துக்கொண்டு கிடந்தாய். ஒரு மத்தியானம் உன் மனைவி எனக்கென்று ஒரு போத்தலில் தேசிக்காய்த் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். நான் அதை ஒளித்துவைக்கப் பார்த்தேன். நீ விடவில்லை.

“குடி. நான் பாத்துக்கிட்டு இருக்கன்.”

“உனக்கு முன்னால எப்பிடியடா குடிக்கிறது?”

“எனக்கு இனி பன்னிரண்டு மாசமும் நோன்புதான் மச்சான். நீதான் நாக்கு. குடிச்சிட்டுச் சொல்லு.”

குடித்தேன். இஞ்சி கூட, சீனி அளவு, உப்புச் சரி என்றேன். நீ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாய். நீயே குடிப்பதுபோல உன் தொண்டை ஏறி இறங்கியது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. புத்தகத்தை எடுத்து உன் மடியில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வருடத்துக்கு முன்னமே உன்னை இங்கே கூட்டிவந்திருக்கலாம், எண்கள் என் கையில்தான் இருந்தன, நான் பிழையாக வாசித்தேன் என்று சொன்னேன்.

நீ என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். பக்கங்களைத் திருப்பினாய். நோன்பு மாதத்தில் நின்றாய், அடுத்த நோன்பு மாதத்துக்குப் போனாய். உன் முகம் மலர்ந்தது.

“அப்ப எண்ட கை பிழைக்கல்லையே?”

“இல்ல. கை சரி.”

“கவனமும் பிழைக்கல்ல.”

“இல்ல.”

“அதைச் சொல்லு மச்சான். அண்டைக்கு நிண்ட சனத்துக்கு முன்னால சொல்லு. ஊரெல்லாம் நான் கவனமில்லாம உப்பள்ளிக் கொட்டினவனெண்டு கதைக்குது.”

“நீ எழும்பி வா. உன்னைப் பக்கத்தில வச்சுக்கொண்டே சொல்றன்.”

“நான் வராட்டி?”

“வராம எங்க போகப் போறாய்?” எரிச்சலோடுதான் சொன்னேன். எனக்கு அந்த மாதிரிக் கதை பிடிக்காது.

ஆஸ்பத்திரியிலிருந்து முடக்குக்கு ஒரு மணித்தியால ஓட்டம். அன்று மாலையே போய்ச் சொல்லிவிட்டு, மறுநாள் உன்னிடம் வந்து ‘சொல்லிட்டன்’ என்றிருக்கலாம். அந்த ஒரு சொல்லை நீ கேட்டிருப்பாய். நீ வரட்டும் என்று நான் இருந்தேன். எதற்கும் பொறுக்காதவன் அதற்கு மட்டும் பொறுத்திருந்தேன்.

நீ வரவில்லை. மையவாடியில் எல்லோரும் மூன்று பிடி மண் போட்டார்கள். நான் ஓரமாக நின்றேன். தாடிக்கார நானாதான் என் முழங்கையைப் பிடித்து முன்னால் விட்டார். நானும் போட்டேன்.

அடுத்த நோன்பு மாதத்து முதல் நாள் தொலைபேசி அடித்தது. உன் மனைவி. அவள் என்னையும் நானா என்றுதான் கூப்பிடுவாள், அண்ணனுக்கு உங்கள் வீட்டுச் சொல்.

“நானா, பள்ளிக்கு ரெண்டு வாளி குடுக்கணும். நாக்கு வேணும்.”

போனேன். வாளியை ஏற்றிப்போகத் தாடிக்கார நானா வண்டியோடு நின்றார். வாளி கவிழ்ந்த அன்று வாங்கில் இருந்த இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். நான் புத்தகத்தை விரித்து முன்போலவே சத்தமாக வாசித்தேன், இந்தத் தடவை நோன்பு மாதங்களையும் சேர்த்து. அவன் கை ஒரு நாளும் பிழைக்கவில்லை, வருத்தம் நாக்கைத் தின்றுவிட்டது, கவனமில்லாமல் இருந்தவன் நான் என்றேன்.   தாடிக்கார நானா, “துப்பினவன் நான்தானே” என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றார்.

உன் மனைவி ஒரு பிடி உப்பைப் போட்டுக் கலக்கி அகப்பையை நீட்டினாள். குடித்தேன். உப்புக் கொஞ்சம் காணாது. மானியை விட்டேன். ஒன்று தசம் ஆறு.

“சரியா நானா? அவர் போடுற மாதிரி ஒரு பிடிதான் போட்டன்.”

அவளுடைய கை சிறியது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? சரி என்றேன். அவள் கோப்பைகள் எடுக்கத் திரும்பியபோது உப்புச் சட்டியில் மூன்று விரலை விட்டு ஒரு சிட்டிகை அள்ளிப் போட்டேன். அதுவும் காணாது. இன்னொரு சிட்டிகை. கலக்கினேன். இரண்டு.

இன்றும் நோன்புதான். புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டேன். நாலு மணிக்கு முடக்குக்குப் போக வேண்டும். மானிக்கு மின்கலம் தீர்ந்து நாளாகிவிட்டது, நான் மாற்றவில்லை. அவள் பிடிக்கும் உன் பிடிக்கும் இடையில் எவ்வளவு உப்பு என்று என் மூன்று விரலுக்கும் இப்போது தெரியும்.