சிப்பி ஒட்டாத தகடு

மச்சாள்,

இன்று பின்னேரம் சங்கக் கொட்டிலில் இருந்தவர்கள் நான்கு பேர்: மாதர் சங்கத் தலைவி புஷ்பமக்கா, தோணித்துறையைப் பார்த்துக்கொள்ளும் கந்தையண்ணன், உங்கள் தம்பியாகிய என் வீட்டுக்காரர், நான். புன்னை எண்ணெயில் குங்கிலியம் உருகிய மணம் தெருவரைக்கும் போனது. நீங்கள் கண்மூடி ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்த மணம். துக்கம் மட்டும் என்றால் அழுது தீர்த்திருப்பேன்.

உங்கள் கலவையைத்தான் காய்ச்சிப் பார்க்கிறார்கள். துறையில் புதிதாகப் போட்ட இரும்பு ஏணிக்கு வரும் வெள்ளிக்கிழமை பூசப் போகிறார்கள். அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் அந்த ஏணியில் இறங்கித்தான் தோணி ஏறவேண்டும். பூச்சுக்குள்ளே துருக் கறள் ஓடினால் வெளியே தெரியாது. ஒரு நாள் கால் வைக்கும்போதுதான் படி கழன்று விழும்.

“இத நம்பலாமா?” என்று கந்தையண்ணன் கேட்டார்.

புஷ்பமக்கா நான் சங்கத்துக்கு எழுதும் கணக்குக் கொப்பியைத் தூக்கிக் காட்டினா. “ஆறு மாசம் வாவியில கிடந்த தகடு அண்ணன். கிழமைக்குக் கிழமை பாத்து எழுதியிரிக்கா. அரிசி, சீனியெல்லாம் ஒரு சுண்டு பிசகாம எழுதுற ஆள். இவட கொப்பி பொய் சொல்லாது.”

சொல்லும், மச்சாள். சொல்ல வைத்தவள் நான்.

கடைப் பெயின்டை நீங்கள் ஏன் வெறுத்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். தோணி சுரண்டிய ஒரு நாள், சிவப்புச் செதில்கள் தண்ணீரில் மிதக்க, இறால் குஞ்சுகள் அதைச் சுற்றி மொய்த்ததைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். “இதக் குஞ்சு தின்னும், குஞ்ச நாம தின்னுவம். மறுகா ஆசுபத்திரி வரிசையில நிப்பம்.” கடுக்காய் அவித்த சாறு பட்டால் கறள் கறுத்து இறுகுவதைப் பழைய சட்டியின் இரும்புக் கைபிடியில் கண்டுபிடித்தவர் நீங்கள்தான். அதன்மேல் தோணி ஓட்டைக்கு அடைக்கிற எண்ணெயும் குங்கிலியமும்.

“அக்கா இரும்புக்கும் கசாயம் குடுக்கா. இனிப் பத்தியமும் சொல்லுவா” என்று உங்கள் தம்பி கேலி செய்தார்.

“ஓம், ஒனக்கும் ஒரு சட்டி வச்சிரிக்கன். மூளையில கறள்தானே” என்றீர்கள். மூவரும் சிரித்தோம்.

பூசுவதற்கு முன் சோதனைத் தகட்டைக் கழுவுவது என் வேலையாக இருந்தது. “நல்ல தண்ணியில கழுவு புள்ள. எள்ளுப்போல உப்பு இருந்தாலும் உள்ளுக்குள்ளால தின்னும்” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அன்று ஆடிச் செவ்வாய், நான் விரதம். வெயிலில் தலை சுற்றியது. நல்ல தண்ணீர்க் கிணறு கோயிலுக்கு அப்பால், உப்பு வாவியோ காலடியில். வாவித் தண்ணீரிலேயே கழுவித் துடைத்துவிட்டேன். கொப்பியில் ‘கிணற்றுத் தண்ணீரில் கழுவியது’ என்று எழுதினேன். கோயில் அம்மாளுக்கு விரதம் பிடித்த அதே நாளில்.

ஐந்தாம் மாதம் தகட்டின் பின்பக்கம் பூச்சு கொப்பளித்தது. நகத்தால் தட்டினேன், செம்பொடி உதிர்ந்தது. நீங்கள் அதற்குள் படுக்கையில் விழுந்திருந்தீர்கள். கஞ்சிகூட இறங்கவில்லை, ஆனால் யாரைக் கண்டாலும் தகட்டைத்தான் விசாரித்தீர்கள். வீட்டில் மிஞ்சியிருந்த பூசிய தகடு ஒன்றை உப்புத் தண்ணீரில் இரண்டு நாள் போட்டு, சேறு தடவி எடுத்துவந்து உங்களிடம் காட்டினேன்.

இன்று எல்லாரும் போன பிறகு புஷ்பமக்காவிடம் இதைச் சொன்னேன். அவ பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, “செத்த மனிசிட பேர்ல ஒரு நல்லது நடக்கப்போகுது. நீ ஏன் புள்ள கெடுக்காய்?” என்றா. உங்கள் தம்பி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னை விட்டுவிட்டு முன்னால் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார்.

கெட்டுப்போனது உப்பினாலா, கலவையினாலா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் பிள்ளைகளை அந்தப் படியில் ஏற்ற முடியாது. வெள்ளி காலை, பூசத் தொடங்குமுன் எல்லாருக்கும் முன்னால் உள்ளதைச் சொல்வேன். இன்னொரு தகட்டைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவிப் பூசி முதலிலிருந்து தொடங்குவோம் என்பேன். அதுவரை நீங்கள் வெறுத்த அந்தச் சிவப்புப் பெயின்ட்தான் ஏணிக்கு ஏறும். செதில் வாவியில் விழும். அதற்கும் காரணம் நான்தான்.

விளக்குக் கொளுத்திக் கும்பிட நின்றாலும் மனம் ஓரிடத்தில் நிற்பதில்லை. உங்கள் படுக்கையடிக்கே ஓடுகிறது. அந்தத் தகட்டை விரலால் தடவினீர்கள்.

“சிப்பி ஒண்ணும் பிடிக்கல்லியா புள்ள?”

“நான் சுரண்டிட்டன் மச்சாள்.”

திருப்பிப் பார்த்தீர்கள், முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தீர்கள். என்னை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள். “கெட்டிக்காரி நீ. எழுதிவை” என்றீர்கள். ‘ஆறு மாதம், கறள் இல்லை’ என்று எழுதினேன்.

தண்ணீரிலேயே வளர்ந்தவர் நீங்கள். ஆறு மாதம் வாவியில் கிடந்த இரும்பில் எவ்வளவு சுரண்டினாலும் சிப்பித் தழும்பு போகாது என்று உங்களுக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டுதான் சிரித்தீர்களா, அல்லது என்னை நம்பித்தான் போனீர்களா? எதுவானாலும் தாங்கிக்கொள்வேன். கனவில் வந்தாவது சொல்லுங்கள். வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. அதற்குள் பதில் தாருங்கள், மச்சாள்.