பிணமாகப் படுத்த நாள்

என் செல்ல மகள் இனாஸுக்கு,

நடிப்பை விட்டுவிட்டு உன்னோடு வந்து இருக்கச் சொல்லி மறுபடியும் எழுதியிருக்கிறாய். முதலில் நேற்று நடந்ததைக் கேள்.

பெருநாள்வரை தினமும் ஓடும் இந்த ரமலான் தொலைக்காட்சித் தொடரிலும் நான் காப்பிக்கடை முதலாளிதான். கெய்ரோவில் பாதி தொடர்களில் அந்தக் கடை என்னுடையது. நிஜத்தில் எனக்குத் தேநீர்கூடப் போடத் தெரியாது. நேற்று என்னைச் சாகடிக்கும் நாள். என் வலது கை ஆடுவதைப் பார்த்துவிட்டுத்தான் அப்படி எழுதியிருந்தார்கள்.

படுத்தேன், கண்ணை மூடினேன். கை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. மனைவியாக நடித்த பெண் அழுவதற்குப் பதில் சிரித்துவிட்டாள்.

"பிணம் கையாட்டலாமா, மாமா?" என்றான் இயக்குநர்.

"அழ வந்தவங்களுக்கு ஒரு மரியாதை வேணாமா தம்பி?" என்றேன்.

கையைப் போர்வைக்குள் வைத்தார்கள்; போர்வை ஆடியது. அவளை அதன்மேல் சாய்ந்து அழச் சொன்னார்கள். அவளும் சேர்ந்து ஆடினாள். மறுநாளே ஒளிபரப்பாக வேண்டிய காட்சி. வேறு வழியில்லாமல் கதாசிரியர் அங்கேயே உட்கார்ந்து என்னைப் பிழைக்க வைத்தார். இனிப் பெருநாள்வரை எனக்கு வேலை உண்டு.

டாக்டர் உன்னிடம் சொன்ன நோயின் பெயரை எனக்கு எழுதாதே. அது என் வாயில் நுழையவில்லை.

இத்தனை வருடத் தொலைக்காட்சியில் என்னைச் சுட்டார்கள், விஷம் வைத்தார்கள், ரயிலிலிருந்து தள்ளினார்கள். சொன்ன இடத்தில் சொன்னபடி செத்தேன். முடியாது என்றது நேற்றுதான், அதையும் கைதான் சொன்னது. இப்போது நானும் சொல்கிறேன். நான் வரவில்லை. பெருநாளுக்கு முன்னாலேயே நீ வா. என்னைப் பார்க்கப் படப்பிடிப்புக்குத்தான் வர வேண்டும்.

இன்னும் சாகாத,
உன் அப்பா