கண்ணாயிரம் ஓடி முடித்த பந்தயம்

என் அக்கா மகள் அஞ்சலைக்கு மாமன் ஆசீர்வாதம்.

உன் புருஷன் கண்ணாயிரம் ஓடி முடிப்பான் என்று நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா? "எதையும் பாதியில வுடற ஆளோட வாழ மாட்டேன்" என்று நீ மதுராந்தகம் பஸ் ஏறினாயே, அன்றைக்கே சொன்னேன்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்ப வேண்டும். முப்பத்தாறு மைல் என்கிறார்கள், நாற்பதுக்குக் குறையாது. நான் கூடவே சைக்கிளில் போனேன். என் வேகத்துக்கு ரயிலே பிந்தியிருக்கும். திருக்கழுக்குன்றத்துக் கழுகுகள் இரண்டும் பிரசாதத்தை விட்டு அவனைத்தான் பார்த்தன.

திரும்பும்போது அந்த ஊர்க் குளக்கரையில் விழுந்துவிட்டான். கெண்டைக்கால் கல்லாக இறுகிப்போனது. பாதமெல்லாம் கொப்புளம்.

"முடியல மாமா. நான் பாதி ஆளுன்னு அவ சொன்னது கரீட்டுதான்" என்று அழுதான்.

நான் ஒரு வார்த்தை சொன்னேன். எழுந்துவிட்டான். நொண்டி நொண்டி, கடைசி ஆளாக, ஆனால் முழுசாக வந்து சேர்ந்தான். பரிசு கொடுப்பவர்களைப் பார்க்காமல் கூட்டத்தில் யாரையோ தேடினான். இப்போது என் வீட்டில் வெந்நீரில் கால் வைத்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

சொன்ன வார்த்தை இதுதான்: "எழுந்திருடா, அஞ்சலை எல்லையில வந்து நின்னுகினு கீறா."

கழுகுகூட நிஜம் அம்மா. இது ஒன்றுதான் நான் கட்டிவிட்டது. நீ பஸ் ஏறினால் இதுவும் பொய்யில்லை.

இப்படிக்கு,
மற்றபடி பொய்யே அறியாத உன் தாய்மாமன்