ஐந்தரை மணி நேரம் பின்னால்

1.2.2006, புதன்

எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.

இசைவாணிக்கு டீசி கொடுக்கப்போகிறார்கள். பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை. புகாரை எழுதியது அவளில்லை. நான்.

சனிக்கிழமைதோறும் ப்ளஸ் டூ பெண்களைப் பஸ்ஸில் ஏற்றி, ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கவர் ஒட்ட விடுகிறார்கள். அதற்குப் பெயர் தொழிற்பயிற்சி! போன சனிக்கிழமை சீல் மெஷினில் இசைவாணியின் விரல் வெந்துபோனது. மருந்து தடவி மறுபடி உட்காரச் சொன்னார்கள்.

திங்கள் மாலை சிங்கப்பெருமாள் கோவில் பிரவுசிங் சென்டரிலிருந்து, பள்ளி இணையதளத்தின் புகார்ப் பெட்டியில் எல்லாவற்றையும் எழுதினேன். பெயர் போடவில்லை. அப்போது மணி நாலு நாற்பது.

இன்று கரெஸ்பாண்டென்ட் அதைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார். அதில் நேரம் 11:10 என்று இருக்கிறது.

"திங்கக்கிழமை பதினொன்னு பத்துக்கு லேப்ல நெட் இருக்கிற கம்ப்யூட்டர்ல யாரு குந்திக்கினு இருந்தது?"

இசைவாணி எழுந்தாள். "நான் எழுதல சார். எழுதியிருந்தா மெஷின் நம்பரும் போட்டிருப்பேன்."

"வாய் வேற!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

2.2.2006, வியாழன்

இணையதளத்தில் அந்தப் புகார்ப் பெட்டிக்கு ப்ரோகிராம் எழுதியவர் கம்ப்யூட்டர் சார் சாம்சன். தனியாகக் கேட்டேன்: "சார், அது நம்ம ஊர் நேரமா?"

சுற்றுமுற்றும் பார்த்தார். "கிரீன்விச் நேரம்மா. அஞ்சரை மணி நேரம் கூட்டிக் காட்டணும். ப்ரோகிராம்ல விட்டுட்டேன்."

"அப்ப போய்ச் சொல்லுங்க சார்!"

"யாரு கேட்டதுன்னு கேப்பாரு. உன் பேரைச் சொல்லவா?"

என்னைக் காப்பாற்றினாரா, தன்னையா? +0530, ஒரே ஒரு வரி! அதை விட்டவருக்குச் சம்பளம், விரல் வெந்தவளுக்கு டீசியா?

4.2.2006, சனி

அதே மெஷினில் வேறொருத்தியை உட்கார வைத்துவிட்டார்கள்.

6.2.2006, திங்கள்

காலை பதினொரு மணிக்கு இசைவாணியையும் அவள் அப்பாவையும் வரச்சொல்லி, பன்னிரண்டு வரை தன் மேஜை முன்னால் நிற்கவைத்தார் கரெஸ்பாண்டென்ட். "நாளைக்கு வந்து டீசி வாங்கிக்கினு போ." அந்த மனுஷன் கும்பிட்டார். எதுக்குக் கும்பிடணும்? இவருதானே கும்பிடணும்!

மாலை மறுபடி பிரவுசிங் சென்டர். நாலு நாற்பது வரை காத்திருந்து, அதே மெஷினைப் பற்றி இன்னொரு புகார் அனுப்பினேன். 11:10 என்றே விழுந்தது. இன்று காலை அந்த நேரத்தில் இசைவாணி அவர் கண்ணெதிரே நின்றிருந்தாள். இப்போது யாரைப் பிடிப்பார்?

7.2.2006, செவ்வாய்

நேரம் தப்பாகக் காட்டுகிறது என்று சாம்சன் சார் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. டீசி இல்லை. மன்னிப்பும் இல்லை. "சரி, கிளாஸ்ல போய் உக்காரு." அவ்வளவுதான்!

இப்போது புகார்ப் பக்கத்தில் 16:40 +0530 என்று தெளிவாக இருக்கிறது. மாலையில் யார் வந்தது என்று விசாரிக்க, பியூன் மாசானத்தைப் பிரவுசிங் சென்டர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

11.2.2006, சனி

பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

"இன்னா, மகாராணிக்கு கார் வரணுமா?" என்றார் கரெஸ்பாண்டென்ட்.

"ரெண்டு புகாரும் நான்தான் சார் எழுதினேன்."

இசைவாணி படியிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு இன்னும் நாலு பேர்.

திங்கட்கிழமை ஆறு பேரும் அப்பாவை அழைத்துவர வேண்டும். இன்னும் அப்பாவிடம் சொல்லவில்லை.